எது முதலில் போகும்? பழைய பெட்டியைத் திறப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீடு மாறும்போதோ, பெரியவர் ஒருவர் காலமான பிறகோ, பரணிலிருந்து ஒரு பெட்டி இறங்கும். உள்ளே எல்லாம் கலந்து கிடக்கும்: மூலை மடங்கிய புகைப்படங்கள், ஒரு காதை இழந்த துணிக் கரடி, நான்காம் வகுப்பு மதிப்பெண் அட்டை, மேலெழுத்து அழிந்த கேசட்டுகள், யாருடையது என்று தெரியாத ஒரு சிறு கொத்து முடி. திறந்தவர் இரண்டு மணி நேரம் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார். பிறகு எல்லாவற்றையும் அப்படியே உள்ளே போட்டு மூடிவிடுவார். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாது.

நானும் மூன்று முறை அப்படி மூடியவன்தான். நான்காவது முறை வேகம் பிறந்து, ஒரு ஸ்கேனர் வாங்கி, ஐந்து மாத வார இறுதிகளைத் தொலைத்து, நானூற்றுச் சொச்சம் படங்களைக் கணினியில் ஏற்றினேன். ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் கொடுத்தேன். பெருமையோடு அவற்றை எடுத்துக்கொண்டு பெரிய அத்தையிடம் போனேன். அந்தப் படங்களில் இருப்பவர்களையெல்லாம் அறிந்த கடைசி ஆள் அவர். அந்த ஐந்து மாதத்தில் அவருடைய நினைவு நழுவத் தொடங்கியிருந்தது. உடன்பிறந்த தங்கையின் படத்தைக் கையில் கொடுத்தால், "இது வாத்தியார் வீட்டுப் பெண்ணா?" என்று கேட்டார். இன்று என்னிடம் நானூறு தெளிவான படங்கள் இருக்கின்றன. அவற்றில் பாதியில் நிற்பவர்கள் யார் என்று சொல்ல ஆளில்லை.

அந்தப் படங்கள் இன்னும் பத்து வருடம் பெட்டியிலேயே கிடந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. அத்தையைத்தான் நான் முதலில் பார்த்திருக்க வேண்டும். அதனால் இந்த வழிகாட்டியின் படிகளை ஒரே கேள்வியை வைத்து அடுக்கியிருக்கிறேன்: எது முதலில் போகும்? முதலில் போவதற்கு முதல் இடம்.

தொடும் முன்

பெட்டியைத் திறந்ததும் கை துறுதுறுக்கும். அடுக்கத் தோன்றும், துடைக்கத் தோன்றும். இரண்டையும் செய்யாதீர்கள். ஒரே உறையில் கிடக்கும் ஐந்து படங்கள் பெரும்பாலும் ஒரே நாளில் எடுக்கப்பட்டவை. ஒரு கடிதத்துக்குள் செருகியிருக்கும் படம் அந்தக் கடிதத்தோடு வந்ததாக இருக்கலாம். ஆவணக் காப்பகங்களில் பொருட்களை வந்த வரிசை கலையாமல் வைத்திருப்பது அடிப்படை விதி. வரிசையும் ஒரு சாட்சிதான். எனவே பெட்டி இருக்கும் நிலையை மேலிருந்து படம் பிடியுங்கள், ஓர் அடுக்கை வெளியே வையுங்கள், மறுபடி படம் பிடியுங்கள். கைபேசி போதும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்திக்கொள்ளுங்கள். காகிதத்துக்குச் சுத்தமான வெறுங்கையே நல்லது. பருத்திக் கையுறை போட்டால் தாளின் ஓரம் உணர்வில் தட்டாமல் கிழிந்துபோகும். புகைப்படம், நெகட்டிவ், உலோகம் மூன்றுக்கும் மருத்துவர்கள் போடுவது போன்ற மெல்லிய நைட்ரைல் கையுறை போடலாம், அல்லது ஓரத்தை மட்டும் பிடிக்கலாம்.

உடனே அப்புறப்படுத்த வேண்டியவை மூன்று. ரப்பர் பேண்டில் உள்ள கந்தகம் படத்தைக் கறுக்க வைக்கும். கிளிப்பும் ஊசியும் துருவேறும். பொம்மைக்குள் இருக்கும் பேட்டரி ஒருநாள் கசிந்து அந்தப் பொம்மையையே தின்றுவிடும். பெட்டியில் புழுங்கிய நெடி அடித்து, பொருட்களின் மேல் பஞ்சு போல ஏதாவது படர்ந்திருந்தால் அது பூஞ்சணம். முகக்கவசம் போட்டுக்கொண்டு, அந்தப் பொருளை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றோட்டமான நிழலில் உலர வையுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பூஞ்சணம் உள்ளே தேய்ந்து இறங்கும். உலர்ந்த பிறகு மென்மையான தூரிகையால், வீட்டுக்கு வெளியே வைத்துத் தட்டிவிடலாம்.

முதல் படி: தெரிந்தவரிடம் போங்கள்

பெட்டியில் உள்ளதைப் பற்றிச் சொல்லக்கூடிய ஆட்களின் பட்டியல் ஒன்றை எழுதுங்கள். வயதும் உடல்நிலையும் பார்த்து வரிசைப்படுத்துங்கள். மனத்துக்குக் கொஞ்சம் கடினமான வேலைதான். முதல் பெயரிடம் இந்த வாரமே போங்கள். ஸ்கேன் செய்த பிறகு போகலாம் என்று நினைக்காதீர்கள். அந்தத் தவறை உங்களுக்காக நான் ஏற்கெனவே செய்துவிட்டேன்.

போகும்போது முழுப் பெட்டியையும் தூக்கிச் செல்ல வேண்டாம். நான்கைந்து பொருட்கள், பத்துப் பதினைந்து படங்கள் போதும். "உங்கள் சிறுவயதைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று தொடங்கினால், "என்ன சொல்வது, எல்லாரையும் போலத்தான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பொருளைக் கையில் கொடுத்துவிட்டுச் சிறிய கேள்வியாகக் கேளுங்கள். இதை யார் வாங்கினார்? வீட்டில் எங்கே இருக்கும்? இதைத் தொட யாருக்கு அனுமதி கிடையாது? கடைசிக் கேள்வி எப்போதும் வேலை செய்யும். தொடக்கூடாததைத் தொட்டு அடி வாங்கிய கதை இல்லாத குடும்பத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

பேச்சு தடைப்பட்டால் ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் கொடுத்து, அவர் வளர்ந்த வீட்டின் வரைபடத்தைப் போடச் சொல்லுங்கள். கதவு எந்தப் பக்கம், அடுப்பு எங்கே, யார் எந்த மூலையில் தூங்குவார். கோடு இழுக்க இழுக்க ஆட்கள் வந்து நிற்பார்கள். பதினைந்து வருடமாகப் பேசாத சித்தப்பாவின் கட்டில் கூட அந்தத் தாளில் வந்துவிடும், அதோடு அவர் ஏன் பேசவில்லை என்பதும். அந்தத் தாளில் தேதி போட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் இனி ஒரு நினைவுப் பொருள்.

அவருடைய அனுமதி கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். கைபேசியை விமானப் பயண நிலையில் போடுங்கள். இல்லாவிட்டால் சரியான இடத்தில் அழைப்பு வரும். மின்விசிறியின் சத்தம் அறைக்குள் இருப்பவருக்குக் கேட்காது, பதிவில் புயல் போல் கேட்கும்; முடிந்தால் நிறுத்திவையுங்கள். மடித்த துணியின் மேல் கைபேசியை அவருக்கு ஒரு கை தூரத்தில் வையுங்கள். ஒரு நிமிடம் பேசிப் பதிந்து, கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். முதல் வரியாகத் தேதி, இடம், பேசுபவரின் முழுப்பெயர் ஆகியவற்றை நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. படத்தைப் பார்க்கும்போது எல்லாரும் விரலால் காட்டி, "இவர்தான் அவர், பக்கத்தில் இருப்பவர் இவருடைய அண்ணன்" என்பார்கள். பதிவில் விரல் கேட்காது. என்னிடம் இப்படி முக்கால் மணி நேர 'இவர்'களும் 'அவர்'களும் இருக்கிறார்கள். படத்தின் பின்பக்கம் எண் போட்டுக்கொண்டு போங்கள். அவர் காட்டியதும் நீங்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "படம் 14, முன் வரிசை, இடமிருந்து இரண்டாவது."

நாற்பது நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். அவர் மௌனமானால் நீங்கள் பேசி நிரப்ப வேண்டாம். பத்து விநாடி பொறுத்தால் பெரும்பாலும் நல்ல சேதி அதற்குப் பிறகுதான் வரும். வருடம் தவறாகச் சொன்னால் திருத்தாதீர்கள். திருத்தப்பட்டவர் அடுத்த கதையைச் சொல்ல யோசிப்பார். வயதானவர்களுக்குப் பத்திலிருந்து முப்பது வயது வரையான காலம் மற்ற வயதுகளைவிட நிறைய நினைவிருக்கும் என்பது உளவியலில் பலமுறை பார்க்கப்பட்ட ஒன்று. பேச்சை அந்தக் காலத்துக்குத் திருப்புங்கள்.

அண்ணன் தம்பிகளை ஒருமுறை தனித்தனியாகவும், ஒருமுறை சேர்த்தும் பேசவையுங்கள். சேர்ந்தால் சண்டை வரும், சண்டையில் விவரம் வரும். தனியாகக் கேட்கவில்லை என்றால், குரல் பெரிதாக இருப்பவரின் கதையே குடும்பக் கதையாகிவிடும்.

சொன்னதையெல்லாம் அப்படியே நம்பவும் வேண்டாம். பெரும்பாலானவர்களின் முதல் நினைவு மூன்று, மூன்றரை வயதுக்கு முன்னால் போவதில்லை. ஒன்றரை வயதில் நடந்தது "எனக்கு நன்றாக நினைவிருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், படம் பார்த்தோ, அம்மா சொல்லிக் கேட்டோ உருவான நினைவாகத்தான் பெரும்பாலும் இருக்கும். 2002இல் வெளியான ஓர் ஆய்வில், இருபது பேருக்கு அவர்களின் சிறுவயதுப் படம் ஒன்றை வெப்பக்காற்றுப் பலூனில் ஒட்டுவேலை செய்து காட்டினார்கள். அவர்கள் யாரும் பலூனில் போனதே இல்லை. மூன்று சந்திப்புகள் முடிவதற்குள் பாதிப்பேருக்கு அந்தப் பயணம் முழுதாகவோ அரைகுறையாகவோ 'நினைவுக்கு' வந்துவிட்டது. எனவே குறிப்பு எழுதும்போது ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சொல் சேருங்கள்: கண்டது, கேட்டது, ஊகம். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். தீர்ப்பு சொல்வது உங்கள் வேலையல்ல.

இரண்டாம் படி: நாடாக்கள்

ஆட்களுக்கு அடுத்து ஆயுள் குறைந்தவை காந்த நாடாக்கள். கேசட் 1963இல் வந்தது, விஎச்எஸ் வீடியோ கேசட் 1976இல். நாடாவில் உள்ள காந்தப் பூச்சு சில பத்தாண்டுகளில் தளர்ந்துபோகும். இன்னொரு பக்கம் அதை ஓட்டும் கருவியும் மறைந்துகொண்டிருக்கிறது. விஎச்எஸ் கருவிகளைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானிய நிறுவனம் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. நாடா நன்றாக இருந்து, ஓட்டக் கருவி இல்லாமல் போகும் நாள் தூரத்தில் இல்லை.

முதல் வேலையாக, கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் தாழ்களை உடைத்துவிடுங்கள். அதன்பின் தவறுதலாகப் பதிவு பொத்தானை அழுத்தினாலும் தாத்தாவின் குரல் அழியாது. உள்ளே நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைத் தூள் தெரிந்தால் அது பூஞ்சணம். ஓட்டாமல் தனியே வைத்து, நாடா மீட்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். மற்றவற்றை ஓட்டும் முன், இழந்தால் வருத்தமில்லாத ஒரு கேசட்டைப் போட்டுக் கருவியைச் சோதியுங்கள். பழைய கருவிகளுக்கு நாடா தின்னும் பழக்கம் உண்டு.

ஒலி கேசட்டை வீட்டிலேயே மாற்றலாம். கருவியின் காதொலிப்பான் துளையிலிருந்து கணினியின் ஒலி உள்ளீட்டுக்கு ஒரு கம்பி, இலவசமாகக் கிடைக்கும் ஒலிப்பதிவு மென்பொருள் ஒன்று, அவ்வளவுதான். வேவ் (WAV) என்ற கோப்பு வடிவில் சேமியுங்கள். முழுப் பக்கத்தையும் வெட்டாமல் பதியுங்கள். பாட்டுக்கு நடுவே யாரோ "கதவைச் சாத்து" என்று கத்துவதை வெட்டத் தோன்றும். இருபது வருடம் கழித்து நீங்கள் தேடுவது அந்தக் குரலைத்தான்.

வீடியோ கேசட்டையும் எட்டு மில்லிமீட்டர் படச்சுருளையும் தொழில் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. முதலில் ஒன்றை மட்டும் கொடுத்து, வேலையைப் பார்த்துவிட்டு மற்றவற்றைக் கொடுங்கள். படச்சுருள் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால், அதன் அசிடேட் அடித்தளம் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது என்று பொருள். அந்த ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். உடனே பிரித்துவிட்டு, வரிசையில் அதை முன்னால் தள்ளுங்கள்.

மேசை இழுப்பறையில் செத்துக் கிடக்கும் பழைய கைபேசிகளையும் இந்தப் படியிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தையின் முதல் மழலை அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கலாம். பேட்டரி உப்பியிருந்தால் மின்னேற்றம் செய்யாமல் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். வீட்டுக் கணினியில் பதிந்த சிடிகளும் நெடுநாள் தாங்குபவை அல்ல. உள்ளதை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

மூன்றாம் படி: புகைப்படங்கள்

இங்கேயும் வரிசை உண்டு. வண்ணப் படங்கள் சாயத்தால் ஆனவை, வெளிறும். கறுப்பு வெள்ளைப் படங்கள் வெள்ளித் துகளால் ஆனவை, பொதுவாக நெடுநாள் நிற்கும். பாட்டியின் திருமணப் படம் பளிச்சென்று இருக்கும்போது உங்கள் முதல் பிறந்தநாள் படம் செந்நிறமாக மாறியிருப்பதற்கு இதுதான் காரணம். ஆகவே வண்ணப் படங்களை முன்னால் எடுங்கள். அவற்றிலும் ஒட்டும் ஆல்பத்தில் இருப்பவை முதலில். மேலே ஒரு பிளாஸ்டிக் படலம், கீழே பசைக் கோடுகள் போட்ட அட்டை என்று 1970களிலும் 80களிலும் பல வீடுகளில் வாங்கிய ஆல்பம் அது. அந்தப் பசை வருடம் போகப் போக இறுகும், படத்தின் பின்புறத்தை மஞ்சளாக்கும்.

அப்படிப்பட்ட ஓர் ஆல்பத்திலிருந்து அம்மாவின் பள்ளிப் படத்தை நகத்தால் நெம்பி எடுக்கப் பார்த்தேன். படத்தில் மூலைக்கு மூலை ஒரு வெள்ளைப் பிளவு ஓடியது. அம்மா பார்த்துவிட்டு, "போனால் போகிறது, அதில் நான் நன்றாகவே இல்லை" என்றார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரியான வழி இது. எதையும் பிரிக்கும் முன் பக்கத்தை அப்படியே படம் எடுத்துவிடுங்கள். பிறகு மெழுகு பூசாத பல் இழையைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே நுழைத்து, ரம்பம் அறுப்பது போல மெதுவாக இழுத்துக்கொண்டே போங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள். ஆல்பத்தோடு இருந்துவிட்டுப் போகட்டும், உங்களிடம் நகல் இருக்கிறது. சட்டத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தையும் பிரிக்க முயலாதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

ஸ்கேன் செய்ய அறுநூறு டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு அறுநூறு புள்ளி, போதும். நான்குக்கு ஆறு அங்குலப் படம் அந்த அளவில் 2400க்கு 3600 பிக்சல் வரும். பெரிதாக அச்சிட அது தாராளம். நெகட்டிவும் ஸ்லைடும் சிறியவை, அவற்றுக்கு 2400 டிபிஐக்குக் குறையக் கூடாது. நெகட்டிவ்களைக் குப்பை என்று எறிபவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் நெகட்டிவ்தான் மூலம், ஆல்பத்தில் இருப்பது அதன் நகல். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். முத்திரை, தேதி, ஒருவரின் கையெழுத்து என்று ஏதோ ஒன்று இருக்கும். சேமிக்க டிஃப் (TIFF) என்ற கோப்பு வடிவம் சிறந்தது. ஜேபெக் (JPEG) ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் கொஞ்சம் இழக்கும். ஸ்கேனர் இல்லாதவர்கள் தயங்க வேண்டாம். சன்னலோரம், நேர் வெயில் படாத வெளிச்சம், ஃபிளாஷ் இல்லை, கைபேசி படத்துக்கு இணையாக. இப்படி எடுத்த படம் எடுக்காமல் விட்ட படத்தைவிட ஆயிரம் மடங்கு மேல்.

பெயரை எழுத மென்மையான பென்சில், 2பி அல்லது 4பி. பின்பக்கத்தில் ஓரமாக, அழுத்தாமல். பந்துமுனைப் பேனா முன்பக்கத்தில் மேடு தட்டும், மை ஊறும். பிந்தைய காலப் படங்களின் பின்புறம் பிளாஸ்டிக் போல வழவழப்பாக இருக்கும், அதில் பென்சில் பிடிக்காது. அப்போது உறையின் மேல் எழுதிவிட்டுப் பிறகு படத்தை உள்ளே வையுங்கள். 'அம்மா' என்று எழுதாதீர்கள். யாருடைய அம்மா என்று அடுத்த தலைமுறை கேட்கும். முழுப்பெயர், வருடம், இடம் எழுதுங்கள்.

புதிய ஆல்பம் வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். புதுப் பிளாஸ்டிக் வாடை தூக்கலாக அடித்தால் அது பிவிசியாக இருக்க வாய்ப்பு அதிகம், வேண்டாம். பாலிப்ரோபிலீன், பாலியெஸ்டர் உறைகள் பாதுகாப்பானவை. காகித உறை என்றால் அமிலமும், தாளைப் பழுப்பாக்கும் லிக்னின் என்ற மரப்பொருளும் இல்லாதது என்று போட்டிருக்க வேண்டும்.

மங்கிய படத்துக்கு நிறமேற்றி, உடைந்த முகத்தை ஒட்டித் தரும் செயலிகள் இப்போது கைபேசியிலேயே இருக்கின்றன. விளையாடிப் பாருங்கள், தவறில்லை. ஆனால் அந்தக் கோப்பின் பெயரிலேயே 'திருத்தியது' என்று எழுதுங்கள். அந்தச் சட்டையின் நீலமும் கண்ணின் பளபளப்பும் இயந்திரம் ஊகித்தவை. பலூன் கதையை மறக்க வேண்டாம்.

நான்காம் படி: துணியும் பொம்மையும்

குழந்தைச் சட்டை, கம்பளித் தொப்பி, போர்வை. இவற்றுக்குப் பகை அந்துப்பூச்சி, வெளிச்சம், பழைய கறை. துவைக்கத் தாங்கும் துணி என்றால் கஞ்சி போடாமல் துவைத்து, முழுக்க உலர்த்தி, இஸ்திரி போடாமல் வையுங்கள். கஞ்சி பூச்சிக்கு விருந்து. அமிலமற்ற மெல்லிய தாளையோ, பலமுறை துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியையோ சுற்றி, மடிப்புக்குள்ளும் ஒரு சுருள் வையுங்கள். வருடம் ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றுங்கள். இல்லாவிட்டால் மடித்த கோட்டிலேயே கிழியும்.

அந்துருண்டை போடாதீர்கள், குறிப்பாகக் குழந்தை உடைகளில். அதிலுள்ள நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. பெட்டியிலிருந்து எடுத்த பழைய சட்டையைப் பேரக்குழந்தைக்குப் போட்டு அழகு பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். பூச்சி இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் துணியையோ துணிப் பொம்மையையோ பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, உறைபெட்டியில் (ஃப்ரீசரில்) இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுவதும் பையைப் பிரிக்காமல் வைத்திருங்கள்; இல்லாவிட்டால் வியர்த்து ஈரமாகும்.

காதில்லாத கரடியை மட்டும் துவைக்காதீர்கள், காதும் தைக்காதீர்கள். குழந்தை விடாமல் பற்றிக்கொள்ளும் அப்படிப்பட்ட பொருளைப் பற்றி 1951இலேயே ஆங்கிலேய மருத்துவர் வினிகாட் எழுதியிருக்கிறார்: அம்மாவுக்கும் வெளியுலகுக்கும் நடுவே குழந்தை தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் முதல் உடைமை அது. அதன் தேய்மானமும் வாடையுமே அதன் வரலாறு. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளிடம் எதையும் அச்சு அசலாகப் படியெடுக்கும் இயந்திரம் என்று ஒரு பெட்டியைக் காட்டினார்கள். மற்ற பொம்மைகளுக்குப் புதிய நகல் கிடைத்தால் மகிழ்ந்த குழந்தைகள், கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மைக்கு மட்டும் நகலை ஏற்கவில்லை. சில குழந்தைகள் அதை இயந்திரத்துக்குள் வைக்கவே விடவில்லை. பெரியவர்களாகிய நாமும் இதில் அதிகம் வளர்ந்துவிடவில்லை.

பிவிசி பொம்மைகள் காலப்போக்கில் பிசுபிசுக்கும், அவற்றை ஒன்றோடொன்று தொடாமல் வையுங்கள். ஸ்பஞ்சு பொம்மை உதிரத் தொடங்கினால் நிறுத்த வழியில்லை. நான்கு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். முடிக்கொத்தும் பால்பற்களும் உலர்ந்த காகித உறையில் இருந்தால் போதும், உறையில் பெயர் இருக்க வேண்டும். பெயரில்லாத பல் யாருக்கும் வேண்டாத பல்.

ஐந்தாம் படி: காகிதங்கள்

இவை காத்திருக்கும். கடிதத்தை விரித்து, உறையோடு சேர்த்து வையுங்கள். கிழிசலுக்குச் செல்லோடேப் வேண்டாம். பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. செய்தித்தாள் துணுக்கை மற்ற தாள்களோடு வைக்காதீர்கள், அதன் அமிலம் பக்கத்துத் தாளிலும் பழுப்பு நிழல் விழச் செய்யும்.

வெள்ளமோ குழாய் உடைப்போ வந்து எல்லாம் நனைந்துவிட்டால் நினைவில் வைக்க வேண்டியது நாற்பத்தெட்டு மணி நேரம். அதற்குப் பின் பூஞ்சணம் வந்துவிடும். நனைந்த படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி உலர விடாதீர்கள். குளிர்ந்த சுத்தமான நீரில் அலசி, முகம் மேலாகப் பரப்பி உலர்த்துங்கள். நேரம் போதாது என்றால் படங்களையும் காகிதங்களையும் இடையிடையே மெழுகுத்தாள் வைத்து உறைபெட்டியில் போடுங்கள். கண்ணாடித் தகட்டு நெகட்டிவ்களை மட்டும் சேர்க்காதீர்கள். உறைந்தவற்றைப் பின்னர் நிதானமாகப் பிரிக்கலாம்.

ஆறாம் படி: எங்கே வைப்பது, எத்தனை வைப்பது

எங்கிருந்து இறக்கினீர்களோ அந்தப் பரணில் மறுபடி ஏற்றாதீர்கள். பரண் கொதிக்கும், தரை ஈரம் இழுக்கும், குளியலறைச் சுவர் வியர்க்கும். நீங்கள் தூங்கும் அறையின் அலமாரி, வெளிச்சுவரை ஒட்டாத பக்கம், நடுத்தட்டு. மனிதர்களுக்கு இதமாக இருக்கும் இடம் பெரும்பாலும் பொருளுக்கும் இதம். ஒப்பு ஈரப்பதம் முப்பது முதல் ஐம்பது சதவீதம் நல்லது. அறுபத்தைந்தைத் தாண்டினால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். சுவரில் மாட்ட ஆசைப்பட்டால் நகலை மாட்டுங்கள். வெளிச்சம் செய்த சேதம் சேர்ந்துகொண்டே போகும், திரும்பாது. அருங்காட்சியகங்களில் பழந்துணிகளை ஐம்பது லக்ஸ் என்ற மங்கலான ஒளியில் வைப்பது அதனால்தான்.

கணினிக் கோப்புகளுக்கு மூன்று, இரண்டு, ஒன்று என்ற விதி: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்றாவது வேறு வீட்டில். ஒரு ஹார்டு டிஸ்க், ஓர் இணையச் சேமிப்பு, தங்கை வீட்டில் இன்னொரு ஹார்டு டிஸ்க் என்றால் கணக்குச் சரி. பென்டிரைவை மட்டும் நம்பி இழுப்பறையில் பூட்டாதீர்கள். கோப்பின் பெயரை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள்: 1984-05-00 என்று போட்டால் நாள் தெரியவில்லை என்று புரியும், கணினியும் தானே காலவரிசையில் அடுக்கும். வருடத்துக்கு ஒருமுறை, மறக்காமல் இருக்க உங்கள் பிறந்தநாளன்றே, சில கோப்புகளைத் திறந்து பாருங்கள்.

இத்தனைக்கும் மேல் ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் வேண்டும். எண், பொருள், யாருடையது, யார் சொன்னார், கண்டதா கேட்டதா. கடவுச்சொல் தெரியாத பேரனும் அதைத் திறக்க முடியும்.

ஏழாம் படி: கொடுப்பதும் விடுவதும்

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியாது, வேண்டியதும் இல்லை. வைத்திருந்தால் பெட்டி ஒன்று பத்தாகி, உங்கள் பிள்ளைகள் ஒன்றையும் திறக்காமல் எறிவார்கள். குழந்தையின் ஓவியங்கள் என்றால் வருடத்துக்கு மூன்று. எந்த மூன்று என்று குழந்தையே சொல்லட்டும். நமக்குப் பிடித்ததும் அதற்குப் பிடித்ததும் ஒன்றாக இருந்து நான் பார்த்ததில்லை.

விட மனம் வராத பொருளைப் படம் எடுத்துவிட்டுக் கொடுத்துப் பாருங்கள். 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கல்லூரி விடுதிகளில் நன்கொடைப் பெட்டிகள் வைத்தார்கள். நினைவுப் பொருளைப் படம் எடுத்துக்கொண்டு கொடுங்கள் என்று எழுதிவைத்த இடங்களில் கூடுதலான பொருட்கள் வந்தன. பலருக்குப் பொருளை விடுவதில் தயக்கமில்லை, அதோடு நினைவும் போய்விடுமோ என்றுதான் பயம்.

உடன்பிறந்தவர்களுக்குள் பங்கு வைக்கும்போது ஸ்கேன்களை முதலிலேயே எல்லாருக்கும் கொடுத்துவிடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே அடங்கும். மூலப் பொருளை, அதைப் பற்றி அதிகக் கதை தெரிந்தவருக்குக் கொடுக்கலாம் என்பது என் கட்சி. மூத்தவருக்கே எல்லாம் என்ற வழக்கத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. நான் இளையவன் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கடைசியாக, பெயர் தெரியாத படங்கள். அவற்றை எறியாமல் ஒரே உறையில் போட்டு, மேலே 'யார்?' என்று எழுதிவைத்திருக்கிறேன். உறவில் யாராவது மூத்தவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அது என்னோடு வரும். போன மாதம் ஒரு தூரத்து மாமா முகத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பிறகு படத்தைக் கண்ணருகே கொண்டுபோய், "இந்த நாற்காலி எங்கள் வீட்டு நாற்காலி. கைப்பிடியைக் கடித்தது நான்தான்" என்றார். நாற்காலியிலிருந்து வீடும், வீட்டிலிருந்து வருடமும், வருடத்திலிருந்து அதில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயரும் வந்தன. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பின்பக்கத்தில் 2பி பென்சிலால் எழுதினேன். உறையில் இன்னும் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு இருக்கின்றன.